ஒரே மாதிரி இரண்டு பெரிய டிவி: எதை எடுப்பது?

இரண்டும் 65 இன்ச். இரண்டும் 4கே. இரண்டு பெட்டியின் மேலும் எச்.டி.ஆர். முத்திரை இருக்கிறது, ஆப்களும் அதேதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தக் கட்டத்தில்தான் பலர் என்னைக் கூப்பிட்டு, "எதை எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். டிவியைச் சுவரில் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கடையில் மின்னும் டிவியைவிட, ஒரு வீட்டுக்குள் வந்து நாலைந்து வருடம் ஓடிய டிவியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் நான் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையும் அங்கிருந்தே வருகிறது.

முதலில் இரண்டு டிவிக்கும் உள்ள வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது பிடிக்காமல் போனால், வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒலி மெல்லியதாக இருந்தால் சவுண்ட்பார் வைக்கலாம். மெனு மந்தமாக ஓடினால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகலாம். ஆப் அப்டேட் நின்றுபோனாலும் அதே ஸ்டிக் காப்பாற்றும். நிறம் தூக்கலாகத் தெரிந்தால் செட்டிங்கில் குறைக்கலாம். கடையில் விற்பவர் அதிக நேரம் பேசுவது இந்த வரிகளைப் பற்றித்தான். அடித்தபின் தாளில் மிஞ்சுவது கொஞ்சமே: படத்தைக் காட்டும் திரைப் பலகையான பேனல், அதன் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட், பேனலின் வேகம், கன்சோல், செட்டாப் பாக்ஸ் கேபிள்களைச் செருகும் எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள், திரையின் அளவு. இவை கடைசி நாள் வரை அப்படியேதான் இருக்கும். பேனல் உடைந்தால் புதுப் பேனலின் விலை கிட்டத்தட்ட ஒரு புது டிவிக்கே வந்துவிடும். டிவியில் பெரும் பங்கு பேனல்தான்.

கடைக்குப் போகும் முன் அறையை அளங்கள்

டேப்பை எடுத்து, திரை இருக்கப்போகும் இடத்திலிருந்து நீங்கள் உட்காரும் இடம் வரை அளங்கள். 65 இன்ச் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ., உயரம் சுமார் 81 செ.மீ. இதை 2.7 மீட்டர் தூரத்தில் இருந்து பார்த்தால் திரை உங்கள் பார்வையில் 30 டிகிரி அகலத்தை நிரப்பும். வீட்டில் படம் பார்க்க இது வசதியான அளவு. 2 மீட்டருக்கு நெருங்கினால் 40 டிகிரி, தியேட்டர் போல இருக்கும். 4 மீட்டருக்கு அப்பால் உட்காருபவர் 65 இன்ச் வாங்கிவிட்டுச் சின்னதாக இருக்கிறது என்று சொல்வது எனக்குப் பழகிப்போன விஷயம்.

உங்களுடைய இரண்டு டிவிகளும் வேறு வேறு அளவு என்றால் இன்ச் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 55க்கும் 65க்கும் இடையே 10 இன்ச்தான், ஆனால் பரப்பில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுகிறது. 65லிருந்து 75க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுவரில் மாஸ்கிங் டேப்பால் அந்த அளவுக்குச் செவ்வகம் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுவையுங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும்.

தெளிவு விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கண் பார்வைக்கு, 65 இன்ச் திரையில் ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளே 2.6 மீட்டர் தாண்டினால் பிரிந்து தெரியாது. 4கேயின் புள்ளிகள் 1.3 மீட்டரிலேயே மறைந்துவிடும். ஆகவே இரண்டில் ஒன்று 8கே என்றால், அந்தக் காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அடுத்து, பக்கவாட்டில் உட்காருபவர். என் அனுபவத்தில் இரண்டு எல்.இ.டி. டிவிகளுக்கு இடையே தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் இவர்தான். எல்.இ.டி. என்று நாம் சொல்லும் டிவிகளில் இரண்டு வகைப் பேனல்கள் அதிகம் வருகின்றன. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாகக் கறுக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1, அதற்கு மேலும் போகும். ஆனால் 20, 25 டிகிரி ஒதுங்கி உட்கார்ந்தாலே படம் வெளிற ஆரம்பிக்கும். ஐ.பி.எஸ். பேனலில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அந்த விகிதம் 1000க்கு 1 அளவில்தான் நிற்கும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாகக் குலையாது. சில வி.ஏ. டிவிகளில் கோணத்தை அகலமாக்க ஒரு படலம் ஒட்டியிருப்பார்கள். அதனால் கறுப்பின் ஆழம் கொஞ்சம் குறையும்.

கோணத்தை அளக்க கருவி எதுவும் வேண்டாம். திரையின் நடுவிலிருந்து நேராக ஒரு கோடு இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உட்காருபவர் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார், திரையிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறார், இரண்டையும் அளங்கள். தள்ளியிருக்கும் தூரம் முன்தூரத்தில் பாதி என்றால் கோணம் சுமார் 27 டிகிரி. இரண்டும் சமம் என்றால் 45 டிகிரி. பாதிக்கு மேல் போகிறது, அங்கே தினமும் ஒருவர் உட்காருகிறார் என்றால் வி.ஏ. பேனலை யோசித்து வாங்குங்கள்.

உயரமும் ஒரு கோணம்தான். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 1 மீட்டர், 1.1 மீட்டர் அளவில் இருக்கும். திரையின் நடு அங்கே வரவேண்டும் என்றால், 65 இன்ச் டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 60, 70 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மாட்டப் போகும் வீடுகளில் "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்றுதான் சொல்கிறார்கள். மேலே போனால் கழுத்து வலிக்கும், வி.ஏ. பேனல் என்றால் படமும் வெளிறும். வேறு வழியே இல்லாமல் உயரத்தில்தான் மாட்டவேண்டும் என்றால், டிவியை முன்பக்கம் கொஞ்சம் சாய்க்கும் டில்ட் பிராக்கெட் வாங்குங்கள்.

ஜன்னல் எங்கே என்றும் பாருங்கள். திரைக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால் எந்த டிவியும் கண்ணாடியாகிவிடும். திரைச்சீலை போடுவதோ இடத்தை மாற்றுவதோதான் வழி. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் இரண்டில் பிரகாசம் அதிகமான டிவி, பளபளப்பு குறைந்த திரை கொண்ட டிவி எதுவோ அதற்கு ஒரு மதிப்பெண் கூட்டுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் விரிவு உள்ள வீடியோ. அந்த முத்திரை, அந்த வகை வீடியோவை டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே சொல்கிறது. அதைச் சரியாகக் காட்டும் திறன் இருக்கிறதா என்பது வேறு. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். எச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள், சிலவற்றை 4000 வரைக்கும். அடிமட்ட எச்.டி.ஆர். டிவிகள் பல 300, 400 நிட்ஸோடு நின்றுவிடும். அங்கே அந்த முத்திரைக்குப் பெரிய பயன் இல்லை. எச்.டி.ஆரிலேயே டால்பி விஷன் வகையா, எச்.டி.ஆர்.10 பிளஸ் வகையா என்ற சண்டையும் இப்படித்தான்: போதுமான வெளிச்சமும் ஆழமான கறுப்பும் இருக்கும் டிவியில்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே கேட்கவேண்டிய கேள்வி, லோக்கல் டிம்மிங் இருக்கிறதா, எத்தனை ஸோன்? பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைத்து ஏற்றும் வசதி அது. விளக்குகளை ஓரத்தில் மட்டும் வைத்த டிவியில் ஸோன்கள் மிகக் குறைவு, இருந்தாலும் பெரிதாக உதவாது. பின்பக்கம் முழுக்க விளக்கு வைத்த டிவியில் பல பத்து இருக்கலாம். மினி எல்.இ.டி. என்றால் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரம், அதற்கு மேலும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும் என்பதால் ஸோன் என்ற பேச்சே இல்லை. க்யூ.எல்.இ.டி. என்ற பெயரைப் பார்த்து அதையும் ஓ.எல்.இ.டி.யையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். க்யூ.எல்.இ.டி. என்று விற்பவை பேக்லைட் வைத்த எல்.சி.டி.தான், நிறத்துக்காக ஒரு குவாண்டம் டாட் படலம் கூடுதலாக இருக்கிறது.

ஓ.எல்.இ.டி.யும் எல்.இ.டி.யும் போட்டியில் இருந்தால் உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பகல் முழுக்க செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் ஓ.எல்.இ.டி. சொல்வதில்லை. கீழே ஓடும் பட்டையும் மூலையில் நிற்கும் லோகோவும் காலப்போக்கில் நிழலாகப் படிந்துவிடும், அதை நான் எடுத்துவிட முடியாது. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஒன்று மட்டும்: சுவிட்ச் போர்டில் அணைக்காமல் ரிமோட்டில் அணைத்து ஸ்டாண்ட்பையில் விடுங்கள். அந்த நேரத்தில்தான் டிவி தன் பிக்சல்களைத் தானே சரிசெய்துகொள்ளும்.

வேகம். 'மோஷன்' என்று ஏதாவது ஒரு பெயரோடு பெரிய எண் போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 120ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 5 வரும், ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே அளவு நேரம் நிற்கும். 60ஐ வகுத்தால் மீதி வரும். ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்டவேண்டியிருக்கும். கேமரா மெதுவாக ஒரு பக்கம் நகரும் காட்சியில் படம் லேசாகத் தத்துவது இதனால்தான். கேம் விளையாடுபவருக்கும் விளையாட்டு ஒளிபரப்பு பார்ப்பவருக்கும் 120 உண்மையாகவே பயன்படும். சீரியலும் செய்தியும் மட்டும் ஓடும் வீட்டில் 60 போதும்.

போர்ட்டுகளைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை, ஆனால் மாட்ட வரும்போது எனக்கு அதிகத் தொல்லை தருவது அவைதான். கேம் கன்சோலில் 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.1 வேண்டும். அதன் முழு வேகம் நொடிக்கு 48 கிகாபிட், 2.0வின் வேகம் 18. பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தாலும் எல்லா போர்ட்டிலும் அந்த வசதி இருக்காது. பல டிவிகளில் இரண்டில் மட்டும் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பார் செருகும் இ-ஆர்க் போர்ட்டாகவும் இருந்தால், சவுண்ட்பாரும் கன்சோலும் சேர்த்ததும் வேகமான போர்ட் எதுவும் மீதி இருக்காது. இரண்டு டிவிகளின் பின்பக்கப் படத்தையும் பார்த்து, எது எங்கே செருகப்படும் என்று எழுதிப் பாருங்கள். போர்ட்டின் திசையும் முக்கியம். சுவரைப் பார்த்தபடி நேராகப் பின்னோக்கி இருக்கும் போர்ட்டில், சுவரோடு ஒட்டி மாட்டிய பிறகு கேபிளைச் செருக இடம் இருக்காது. பக்கவாட்டில் இருந்தால் எனக்கும் சுலபம், பின்னால் உங்களுக்கும் சுலபம்.

கடையில்

கடையில் இருக்கும் டிவிகள் ஸ்டோர் மோடில், முழு பேக்லைட்டில், விவிட் நிறத்தில் ஓடுகின்றன. ஓடும் வீடியோவும் அந்த நிறுவனம் தன் பேனலின் பலத்தைக் காட்ட எடுத்தது. இந்த நிலையில் இரண்டையும் ஒப்பிட்டால் பிரகாசமானது மட்டுமே ஜெயிக்கும். விற்பவரிடம் கேட்டு இரண்டையும் சினிமா மோடுக்கோ ஃபிலிம்மேக்கர் மோடுக்கோ மாற்றச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரம் போனால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்.

கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதில் என்ன இருக்கவேண்டும்? உங்கள் வீட்டில் ஒருவரின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த வீடியோ. அந்தத் தோலின் நிறம் உங்களுக்கு மனப்பாடம், தப்பாகத் தெரிந்தால் உடனே கண் சொல்லிவிடும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் ஒரு துண்டு. எழுத்தைச் சுற்றிப் புகை போல வெளிச்சம் பரவுகிறதா என்று பார்க்க. முழுத் திரையும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும் ஒரு படம், இதை நீங்களே போனில் செய்துகொள்ளலாம். அதில் அழுக்குத் திட்டு போலவோ செங்குத்துப் பட்டையாகவோ தெரிந்தால், கேமரா புல்தரையின் குறுக்கே ஓடும் கால்பந்து ஆட்டத்தில் அதே திட்டு கண்ணை உறுத்தும். கடைசியாக, மிக முக்கியமாக, நீங்கள் வழக்கமாகப் பார்ப்பதிலேயே தரம் குறைந்த ஒரு வீடியோ. பழைய பாட்டோ பழைய சீரியலோ, எதுவாக இருந்தாலும் சரி. நல்ல 4கே படத்தை எல்லா டிவியும் நன்றாகத்தான் காட்டும். மங்கலான பழைய படத்தைப் பெரிதாக்கும்போதுதான் உள்ளே இருக்கும் பிராசசரின் திறமை வெளியே வரும்.

நேரே நின்று பார்த்தபின், வீட்டில் அளந்த அந்தக் கோணத்துக்கு நகர்ந்து நின்று பாருங்கள். வி.ஏ.வா, ஐ.பி.எஸ்.ஸா என்று விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் கண்ணுக்கு அங்கே தெரிந்துவிடும். மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் ஒரே தொடரில் 55 இன்ச்சில் ஒரு வகைப் பேனலும் 65 இன்ச்சில் இன்னொரு வகையும் வருகிறது. 55ஐப் பார்த்துவிட்டு 65ஐ ஆர்டர் செய்வது சரிவராது.

என் தங்கை டிவி வாங்கும்போது இரண்டு மாடல்களின் படத்தை அனுப்பி, "அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். இரண்டும் 65 இன்ச். முதலாவது வி.ஏ. பேனல், லோக்கல் டிம்மிங் உண்டு, 60 ஹெர்ட்ஸ். இரண்டாவது ஐ.பி.எஸ்., டிம்மிங் கிடையாது, 120 ஹெர்ட்ஸ், வேகமான எச்.டி.எம்.ஐ. போர்ட் உண்டு. படத்தின் ஆழத்தை மட்டும் வைத்துச் சொன்னால் முதலாவதுதான் நல்ல டிவி, என் வீட்டுக்கு அதைத்தான் எடுப்பேன். ஆனால் அவள் வீட்டு ஹாலில் சோபா நேராக இருந்தாலும், அவள் மாமியாரின் நாற்காலி 2.4 மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. கிட்டத்தட்ட 40 டிகிரி. அந்த டிவியை அதிக நேரம் பார்ப்பவர் அவர்தான். நாற்காலி முழங்கால் வலிக்கு வசதியாக அங்கே போடப்பட்டது, நகர்த்த முடியாது. மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். விளக்கு வெளிச்சம் திரையில் விழும்போது கறுப்பின் ஆழம் பாதி அங்கேயே போய்விடும். பையனிடம் கேம் கன்சோல் இருக்கிறது. இரண்டாவதையே எடுக்கச் சொன்னேன். அதில் ஒலி மோசம்தான், சவுண்ட்பார் பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு பார்த்தும் இரண்டும் சமமாக நின்றால் வாரண்டியை வைத்து முடிவு செய்யுங்கள். பேனலுக்கும் முழு வாரண்டி எத்தனை வருடம், மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 65 இன்ச் டிவியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

பெட்டி நிமிர்ந்த நிலையிலேயே வரவேண்டும், படுக்கவைத்துக் கொண்டுவந்தால் பேனலில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணை நீங்கள் குறித்ததோடு ஒப்பிட்டபின் திறக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது சட்டத்தைப் பிடிக்கவேண்டும், திரையில் விரல் அழுந்தக் கூடாது. மாட்டும் முன்பே ஒரு தடவை ஆன் செய்து அதே சாம்பல் படத்தைப் போட்டுப் பாருங்கள். திட்டோ அணைந்த பிக்சலோ இருந்தால் படம் எடுத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். மேஜையில் வைப்பதாக இருந்தால், பல பெரிய டிவிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும் என்பதை முன்பே பார்த்திருக்கவேண்டும். மேஜையின் அகலம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் சுவருக்கு மாறியவர்கள் நிறைய.

ஆன் செய்ததும் வீடா கடையா என்று டிவி கேட்கும், வீடு என்று கொடுங்கள். சினிமா மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். சினிமா பார்க்கும்போது சீரியல் போல வழுக்கிக்கொண்டு போனால் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். பேக்லைட்டை இரவில் கண் கூசாத அளவுக்கு இறக்குங்கள். என்னிடம் பழுதுக்கு வரும் எல்.இ.டி. டிவிகளில் பேக்லைட் ஸ்ட்ரிப் போனவை அதிகம், முழு வெளிச்சத்தில் வருடக்கணக்கில் ஓடும்போது அந்த விளக்குகள் சூடேறிச் சீக்கிரம் கெடுகின்றன.

கன்சோல் இருந்தால் இன்னொன்றும் செய்யவேண்டும். பல டிவிகளில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் முழு வேகம் ஆரம்பத்தில் அணைத்தே வரும். செட்டிங்கில் இன்புட் பகுதிக்குள் போய், கன்சோல் செருகிய போர்ட்டுக்கு மட்டும் அதை ஆன் செய்யுங்கள். பழைய செட்டாப் பாக்ஸ் இருக்கும் போர்ட்டைத் தொடவேண்டாம். அதை ஆன் செய்தால் சில பழைய பெட்டிகளில் படமே வராது.